ஒற்று அக்காவின் இடது பக்கம்

மர ஸ்கேலை எடுத்துத் திரையின் மேல் படுக்க வைக்கிறார். ஒரு வரி மட்டும் மேலே தெரிகிறது. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் மறைந்துவிடுகிறது. உதடு அசைகிறது. சத்தம் பக்கத்து மேசை வரைக்கும்தான் வரும். "ஐந்து மில்லி கமா ஒரு நாளைக்கு இரண்டு வேளை கமா உணவுக்குப் பின் முற்றுப்புள்ளி." ஸ்கேல் ஒரு வரி இறங்குகிறது. கடைசி வரி முடிந்ததும், திரையில் ஸ்கேல் உரசிய தடத்தை ஒரு பழைய கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "இதுல ஒண்ணும் இல்ல தம்பி, போகலாம்" என்கிறார். அவர் போகலாம் என்று சொன்னால்தான் அது அச்சுக்குப் போகும்.

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, பெட்டியைத் திறந்ததும் நாம் முதலில் தூக்கிப் போடுவது, அதை அச்சடிக்கும் நிறுவனம் எங்களுடையது. நான் பக்கங்களை வடிவமைப்பவன். நான் செய்கிற தப்புகளைக் கண்டுபிடிப்பவர் அவர். எனக்கு வயது நாற்பத்தொன்பது. முன்தலையில் சொல்லிக்கொள்ளும்படி முடி இல்லை. அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். அந்த மூன்று வருஷத்தை வைத்துக்கொண்டு பதினேழு வருஷமாக என்னைத் தம்பியாகவே வைத்திருக்கிறார்.

ஒற்று அக்கா என்பது அலுவலகம் வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, கழிவறைக் கதவில் ஒட்டியிருந்த 'கைகளை கழுவவும்' என்ற தாளில் சிவப்புப் பேனாவால் ஒரு 'க்' போட்டவர். மேலாளர் அனுப்பும் சுற்றறிக்கையை அச்செடுத்து, திருத்தி, அவர் மேசையிலேயே கொண்டுபோய் வைப்பார். மேலாளருக்குக் கோபம் வந்த காலம் உண்டு. இப்போது அவரே சமர்த்தாக முதலில் அக்காவுக்கு அனுப்பிவிட்டு, அப்புறம்தான் ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்.

ஒருமுறை அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள். வந்த கேக்கில் 'வாழ்த்துக்கள்' என்று கிரீமில் எழுதியிருந்தது. எல்லோரும் கைதட்டத் தயாராக நின்றபோது அக்கா ஒரு ஸ்பூனை எடுத்து, நடுவில் இருந்த 'க்'கை மட்டும் பக்கத்து எழுத்துக்கு வலிக்காமல் வழித்தெடுத்து, என் உள்ளங்கையில் வைத்தார். "ம், இப்ப வெட்டுங்க" என்றார். நான் தின்ற ஒரே ஒற்று அதுதான். நன்றாகவே இருந்தது.

இவ்வளவு கறாரான ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் வேறு முகம். அன்றைக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவார். அண்ணன் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். இப்போது அவருக்கு யாரையும் அடையாளம் தெரிவதில்லை. சோற்றைப் பிசைந்து ஊட்டப் போனால், தங்கையைப் பார்த்து, நீங்கள் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்பாராம். "கடைசி ஸ்டாப்புன்னு சொன்னாத்தான் நிம்மதியா வாயைத் திறக்கிறாரு" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார். 

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். மருந்து நிறுவனம் ஒப்புதல் தந்த பழைய பிரதி ஒன்று இருக்கும். நான் செய்து தரும் புதுப் பிரதி ஒன்று இருக்கும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இருந்ததோ ஒரே திரை. அதனால் பழையதில் பத்து வரியைப் படித்து மனதில் ஏற்றிக்கொள்வார்; பொத்தானைத் தட்டிப் புதியதற்குத் தாவுவார்; ஸ்கேலை வைத்து ஒப்பிடுவார். மறுபடி பழையது, மறுபடி புதியது. இப்படி நாள் முழுக்கத் தாவல். "மனசுல ஒண்ணு, மானிட்டர்ல ஒண்ணு" என்பார். இந்த முறையில்தான் ஒருமுறை, 'உணவுக்கு முன்' என்பது 'உணவுக்குப் பின்' ஆகியிருந்ததைப் பிடித்தார். செய்தவன் நான்தான். அதை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை அவர்.

மூன்று வாரத்துக்கு முன்பு, சரிபார்ப்பவர்களுக்கு ஆளுக்கு இன்னொரு மானிட்டர் என்று உத்தரவு வந்தது. கம்ப்யூட்டர்காரர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பவர். மனிதர்களைவிட மெஷின்களின் முதுகோடு அதிகம் பேசுபவர். அக்காவின் பழைய திரைக்கு வலது பக்கம் புதியதை நிறுத்தி, ஒயரைச் செருகி, படம் தெரிந்ததும் திருப்தியாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு இருக்குறது ஒரு மூக்கு. இதை எந்தப் பக்கம் திருப்புறது?" என்று என்னைக் கேட்டார்.

வலது பக்கம் ஜன்னல். மத்தியானம் ஆனால் வெயில் நேராகப் புதுத் திரையில் விழுந்து ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை நானும் அவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அதைத் தூக்கி இடது பக்கம் வைத்தோம். ஒயர் எட்டியது. படமும் வந்தது. பெரிய சாதனை செய்ததுபோல நான் கையைத் தட்டிக்கொண்டேன். இந்தக் கதையில் குற்றவாளி யார் என்று பிற்பாடு கேள்வி வந்தால், அந்தக் கையைத்தான் நீட்ட வேண்டும்.

அதற்குப் பிறகு அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டார். முதலில் நான் கவனிக்கவில்லை. இடது மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். கட்டுக் கட்டாகத் தாள் வருகிற இடம், அதற்காக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு நாளில் எட்டுப் பிரதி பார்ப்பவர் ஐந்தோடு நின்றார். அப்புறம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் வந்தது: 'குடிநீரை சேமிக்கவும்'. ஒரு நாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று, மூன்று நாள் ஆயிற்று. அந்த 'ச்' அப்படியே விடுபட்டுக் கிடந்தது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை என் மேசையில் ஒரு தாளை வைத்தார். "நீங்க ஒரு தடவை பாத்துடுங்க தம்பி" என்றார். பதினேழு வருஷத்தில் அவர் எழுதியதைப் பார்க்கும்படி என்னிடம் கேட்டதே இல்லை. மேலாளருக்கு எழுதிய கடிதம். இரண்டே வரி. உடல்நிலை காரணமாகத் தன்னைச் சரிபார்ப்பு பணியிலிருந்து விடுவித்து, கிடங்கிலோ வேறு எங்கோ ஏதாவது வேலை தருமாறு கேட்டிருந்தார்.

மேலே நான் எழுதியிருப்பதைக் கவனித்தீர்களா? கடிதத்தில் அப்படியேதான் இருந்தது: 'சரிபார்ப்பு பணி'. நடுவில் 'ப்' இல்லை. உலகத்தில் யார் விட்டாலும் அவர் விட மாட்டார்.  கடிதத்தின் விஷயத்தைவிட அந்த விடுபட்ட எழுத்துதான் என்னைப் பயமுறுத்தியது. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. என்ன உடம்புக்கு என்று மட்டும் கேட்டேன்.

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னார். இடதும் வலதும் தனக்கு மாறிப்போகிறது என்றார். பழைய பிரதியை இடது திரையில் வைத்திருக்கிறார். அங்கே போக வேண்டும் என்று நினைத்தால் கை மவுஸை வலது பக்கம் தள்ளுகிறது. இடது என்று தான் நினைத்துத் தள்ளினால் அம்பு ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. முதலில் மெஷின் மேல்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். ஆனால் போன வாரம் வீட்டில் வலது பக்கக் குழாயைத் திறக்கப் போய் இடது பக்கக் குழாயைத் திறந்திருக்கிறார். அலமாரியிலும் அப்படியே. ரப்பர் பேண்ட் எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது. அது இருக்கிற கை இடது கை.

"அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது" என்றார். "இடது பக்கம் சிக்னல் போட்டுட்டு பஸ்ஸை வலது பக்கம் திருப்பினாரு. யாரும் பெருசா எடுத்துக்கல."

 அவரே தொடர்ந்தார். "எனக்கு வந்தா வந்துட்டுப் போகுது. ஆனா பழசுன்னு நெனைச்சு புதுசை நம்பிட்டேன்னு வைங்க, ஏதோ ஒரு குழந்தைக்கு மருந்து ரெண்டு மடங்காப் போயிடும். அந்தத் தாள்ல போகலாம்னு சொன்னது நானா இருப்பேன்."

எங்கே, செய்து காட்டுங்கள் என்றேன். காட்டினார். அவர் சொன்னது உண்மைதான்: கை வலது பக்கம் போனது, அம்பு வலது ஓரத்தில் மறைந்து, இடது திரையின் இடது ஓரத்தில் முளைத்தது.   வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அவருடைய மவுஸை அவர் யாரையும் தொட விட்டதில்லை. அன்றைக்கு நான் பிடித்தேன். இடது பக்கம் தள்ளினேன். அம்பு ஓரத்தில் முட்டி நின்றது. இன்னும் தள்ளினேன். மவுஸ் மேசை விளிம்புக்கே வந்துவிட்டது. அம்பு அசையவில்லை.

"அக்கா, எனக்கும் போகல" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "உங்களுக்குமா?"

"எனக்கும்தான்."

"எந்தப் பக்கம் தள்ளினீங்க?"

"இடது பக்கம். இதோ, ரப்பர் பேண்ட் பக்கம்."

 அக்கா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். ஒரே வியாதி ஒரே நாளில் அடுத்தடுத்த மேசைக்கு வருமா என்று இரண்டு பேரும் யோசித்தோம் என்று நினைக்கிறேன். அப்புறம் நான் ஓடிப்போய்க் கம்ப்யூட்டர்காரரைக் கையோடு அழைத்து வந்தேன்.

அவர் உட்காரக்கூட இல்லை. குனிந்து, எதையோ இரண்டு தரம் தட்டினார். திரையில் இரண்டு கட்டங்கள் வந்தன; ஒன்றில் 1 என்றும் மற்றதில் 2 என்றும் போட்டிருந்தது. 2 வலது பக்கம் இருந்தது. அதைப் பிடித்து இழுத்து இடது பக்கம் விட்டார். அவ்வளவுதான். பத்து விநாடி ஆகியிருக்காது. பிறகு எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தார்.

"மானிட்டரை இடம் மாத்தினது உங்களுக்குத் தெரியும், இவருக்குத் தெரியும். இதுகிட்ட யாரு சொன்னா?" என்றார். "அது இன்னும் வலது பக்கம்தான் இருக்குன்னு நெனைச்சுக்கிட்டு இருந்திருக்கு, பாவம்."

அக்கா மவுஸை இடது பக்கம் நகர்த்தினார். அம்பு ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்கு, வாசற்படியே இல்லாத வீட்டில் அறைக்கு அறை நடப்பதுபோல, தடையில்லாமல் போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது. பத்துத் தரமாவது செய்து பார்த்திருப்பார். கம்ப்யூட்டர்காரருக்கு விஷயம் எதுவும் தெரியாது. நின்று வேடிக்கை பார்த்தார்.

"அப்ப என் கை சரியாத்தான் இருக்கா? வீட்லகூட இடது வலது மாறிப்போகுதே?" என்று அக்கா கேட்டார்.

"கைக்கு என்னங்க குறைச்சல்? இத்தனை நாளா சுத்து வழியில போய் வேலை செஞ்சிருக்கு. அந்தப் பழக்கம்தான் உங்களுக்கு வீட்லயும் வந்திருக்கும். நாலு நாள் விட்டா மறந்துடும்" என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவே வேண்டியிராத குறையோடு அவர் போனார்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. திரையைத் துடைக்கிற கைக்குட்டையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரப்பர் பேண்டைக் கழற்றி என் பேனா டப்பாவில் போட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் சொல்வதற்கு ஒரு கதை கிடைத்தது என்றார். அவருக்குப் புரியாது, ஆனாலும் இடது வலது என்றால் நன்றாகக் கேட்பாராம். எனக்கும் பெரிய பாரம் இறங்கியது. இறங்கியதில் ஒரு சின்னக் கல் மட்டும் உள்ளே தங்கிவிட்டது. அம்புக்குக் காரணம் மானிட்டர். அந்த 'ப்'புக்குக் காரணம் எது?

கடிதம் என் மேசையிலேயே கிடந்தது. அதைக் கேட்டுக் கையை நீட்டினார். கொடுத்தேன். கிழிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அதை மேசையில் பரப்பி, மர ஸ்கேலை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைத்தார். உதடு அசைந்தது. ஸ்கேல் ஒரு வரி இறங்கியது. இறங்கிய இடத்தில் நின்றது.

"இதைப் பாத்துட்டுத்தான் சும்மா இருந்தீங்களா தம்பி?" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

 அவரே சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு 'ப்' போட்டார். மை காயட்டும் என்று ஒருமுறை ஊதினார். பிறகு கடிதத்தை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.