முப்பது கசையடி

கைதிகளைக் கட்டிவைத்து அடித்த அந்த மரச்சட்டத்தில் கைடு அண்ணன் தானே ஏறிக் கைகளை விரித்துக் காட்டுவார். போர்ட் பிளேரின் பழைய சிறையைப் பார்க்க வரும் கூட்டம் அதோடு வாயடைத்துப் போகும். "இங்கதான் எங்க பர்தாதா, எங்க தாத்தாவோட அப்பா, முப்பது கசையடி வாங்குனாரு. பத்தாவதுல தோல் உரிஞ்சுது. இருபதுல எலும்பு தெரிஞ்சுது. ஒரு சத்தம் போடல!" அப்படித் தாங்கியவருக்குத்தான் வெள்ளைக்காரன் விடுதலையும் பக்கத்துச் சிப்பிகாட் கிராமத்தில் நிலமும் கொடுத்தான் என்று முடிப்பார். அந்தப் பெருமையில்தான் அவர் நிமிர்ந்து நடந்தார்.

இந்தத் தீவில் கைதிகளின் வழிவந்த குடும்பங்களில், முன்னோர் என்ன குற்றம் செய்துவிட்டுக் கப்பலேறினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. சம்பந்தம் பேசும்போதுகூடக் கேட்பதில்லை. நானோ ராமநாதபுரத்துக்காரி. பழைய நிலத்தாள்களைப் படியெடுப்பது என் வேலை. நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. ஒரு தாளில் அவருடைய பர்தாதாவின் பெயரைக் கண்டதும், டீக்கடையில் நாலு பேர் முன்னால் போட்டு உடைத்தேன்.

"அண்ணா, உங்க பர்தாதா அடி வாங்கல, அடிச்சவரு. கைதிங்கள மேய்க்கக் கைதிங்கள்லேர்ந்தே எடுத்த ஜமாதார். முப்பது அடி. வாங்குன ஆளு மூணாம் நாள் செத்துட்டான். தயங்காம அடிச்சதுக்குத்தான் நிலம்."

அவர் பிடியில் கண்ணாடி டம்ளர் நொறுங்கி ரத்தம் வழிந்தது. என்னை அறையப் போகிறார் என்றே பயந்தேன். அவர் எழுந்து போனார்.

மறுநாள் அவர் சட்டத்தில் ஏறவில்லை. பின்னால் நின்று கையை ஓங்கி, "இங்க நின்னுதான் எங்க பர்தாதா அடிச்சாரு. ஒருத்தன் செத்தான். அந்த நிலத்துலதான் நான் சோறு திங்கிறேன்" என்றாராம். கூட்டத்தில் யாரோ ஒருவன் "துரோகி" என்று கத்தி அறைந்தான். பிறகு பத்துப் பேர், செருப்பும் குடைக்கம்புமாக. காவலர்கள் இழுத்து வெளியே கொண்டுவந்தபோது ஒரு கண் மூடியிருந்தது, முன்பற்கள் இரண்டு இல்லை. அவர் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்து அழுதேன். "ஏண்ணா சொன்னீங்க? பழைய கதையே இருந்துட்டுப் போகட்டுமே."

"அரே, அது வேற ஒருத்தன் வாங்குன அடி, தங்கச்சி. இத்தன வருஷம் நான் சொந்தம் கொண்டாடிட்டேன். அவன் பேரு என்ன? இனிமே அதத்தான் சொல்லணும்."

அதை நான் பார்க்கவே இல்லை. எனக்குத் தெரிந்த பெயரைக் கண்ட குஷியில் தாளை மூடியிருந்தேன். வெட்கமாக இருந்தது. ஓடிப்போய்ப் பிரித்தேன். அடித்தவருக்குப் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, தகப்பன் பெயரும் இருந்தது. செத்தவனுக்கு ஓர் எண் மட்டும்.

அண்ணன் இன்றும் அந்தச் சிறையில்தான் நிற்கிறார். வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்த எண்ணைச் சொல்கிறார்.