பால்மீராவின் கைப்பக்குவம்

ஒனொரீனாவுக்கு நின்றபடியே கனவு காணத் தெரியும். அவள் பிறந்தது வெர்செல்லிப் பக்கத்து நெல்வயல் பூமியில். அங்கே மூடுபனி இறங்கிவிட்டால் எதிரே வருகிற மாடுகூட மூக்கு இடிக்கும்போதுதான் தெரியும். வளர்ந்த பிறகு அயோஸ்தா மலையடிவாரத்தில், ஈரல் கோளாறுக்காக ஊற்றுத்தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் தங்கும் ஓர் ஓட்டலில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயும் வெள்ளைதான்: வெள்ளைத் துணி, வெள்ளை ஆவி. கை தன் பாட்டுக்கு ஓடும், மனசு தன் பாட்டுக்கு எங்கேயோ போய்விட்டு வரும். இப்படியே அவளுக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. கல்யாணம் என்பதைப் பற்றி யாரும் அவளிடம் பேசுவதில்லை. அவளும் யாரிடமும் பேசியதில்லை.

ஒரு கோடையில் செவெரீன் வந்தான். மேலே வெர்னே கிராமத்துக்காரன். கோடையில் ரோட்டுக் குழிகளை அடைப்பான், குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவான். மனைவி இறந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. ஊற்றடியில் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பாகற்காயைக் கடித்த குழந்தை மாதிரி முகத்தைச் சுளித்தான். துணிக்கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒனொரீனா சிரித்துவிட்டாள்.

"சிரிக்கிறீங்களே, ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

"எனக்கு ஈரல் நல்லாத்தான் இருக்கு."

"குடிங்க, அதுவும் கெட்டுப்போகும்."

அடுத்த கோடையிலும் வந்தான். அதற்கடுத்த கோடையில், ஈரல் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் வந்தான். கடைசி நாள், பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே இஸ்திரி அறை வாசலில் நின்று சொன்னான்: "எங்க ஊர்ல பனி ஜாஸ்தி. நான் பேசறது கம்மி. யோசிச்சுச் சொல்லு."

"எனக்குத் தூக்கம் ஜாஸ்தி," என்றாள் அவள். "நீயும் யோசிச்சுக்கோ."

இலையுதிர் காலத்தின் கடைசியில் அவள் வெர்னேக்கு மனைவியாகப் போய்ச் சேர்ந்தாள். கல் கூரை வீடு. சமையலறையிலிருந்து பால்கனிக்குப் போக ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கு எதிரே எர்சீலியா வீட்டு வைக்கோல் பரண். எர்சீலியா அந்த ஊரின் வாய். எழுபது வயதிலும் அவளுக்குத் தெரியாமல் அங்கே ஒரு கோழி முட்டையிட முடியாது.

வீட்டில் முதல் மனைவி பால்மீராவின் சாமான்கள் அதிகமில்லை. செவெரீன் எல்லாவற்றையும் மடித்துக் கொடுத்துவிட்டிருந்தான். ஆனால் ஊரார் நாக்கில் பால்மீரா குடியிருந்தாள். ரொட்டிக் கடையில், கோவில் வாசலில், எங்கே போனாலும் பேச்சு அவளுடைய சாப்ஸில் வந்து முடியும். கனமான கன்றுக்கறி சாப்ஸ், எலும்போடு. அதில் பை மாதிரி கீறி, உள்ளே ஃபொந்தீனா பாலாடைக்கட்டியும் பன்றித் தொடைக்கறியும் வைத்து மூடி, ரொட்டித்தூளில் புரட்டி வெண்ணெயில் பொரிப்பது. அந்தப் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஆனால் பால்மீரா செய்தால் கத்தி படுகிற வரைக்கும் ஒரு சொட்டு பாலாடை வெளியே வராது, பட்டதும் ஊற்று மாதிரி வரும் என்றார்கள். ஜனவரியில் புனித அந்தோனியார் திருநாளன்று, ஆடுமாடுகளை மந்திரித்து முடித்ததும் பாதிரியார் நேரே செவெரீன் வீட்டுக்குத்தான் சாப்பிட வருவார். பால்மீரா போன பிறகு அந்த விருந்தும் நின்றுபோயிருந்தது.

"ஏம்மா, இந்த வருஷம் அந்தோனியாருக்கு அடுப்பு எரியுமா?" என்று எர்சீலியா பரணிலிருந்தே கத்திக் கேட்டாள். "இல்லே, உங்க ஊர் மாதிரி அரிசியை வேகவெச்சு ஊத்திடுவியா?"

"எரியும்," என்று ஒனொரீனா சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

செவெரீனிடம் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்தப் பெயரை எடுத்தாலே அவன் கண் எங்கோ போய்விடும். திருநாளுக்கு முந்தின வாரம் விடாமல் பனி பெய்தது. அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் அவள் கறிக்கடைக்குப் போய் நாலு சாப்ஸ் வாங்கினாள். "பை கீறித் தரட்டுமா?" என்று கடைக்காரர் கேட்டார். "எனக்குத் தெரியும்," என்றாள். தெரியாது.

முதல் துண்டில் கத்தி மறுபக்கம் வந்துவிட்டது. இரண்டாவதில் வாய் அகலமாகிப்போனது. இரண்டையும் அடைத்து, அமுக்கி, மாவிலும் முட்டையிலும் ரொட்டித்தூளிலும் புரட்டி வெண்ணெயில் போட்டாள். கொஞ்ச நேரம் எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு மூலையில் குமிழி கிளம்பியது. பாலாடை மெள்ள வெளியே நழுவி வெண்ணெயில் படர்ந்து, பொன்னிறச் சரிகை போலாகி, கருகியது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. அவள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுப்போரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடி முழுக்க வெள்ளை. வெர்செல்லி வயல்வெளியா, இஸ்திரி அறையா, வெர்னேயா என்று பிரித்துச் சொல்ல முடியாத வெள்ளை.

கண்ணாடிக் கதவோரம் கிடந்த முக்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தடித்த கோட்டு போட்டிருந்தாள். மடியில் வால்நட் குவியல். ஒவ்வொன்றாக எடுத்து டக் டக்கென்று உடைத்துக்கொண்டிருந்தாள். தோளில் இருந்த பனி உருகவே இல்லை. பால்மீரா என்று ஒனொரீனாவுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. ஓட்டலில் பக்கத்து மேஜையில் இஸ்திரி போடுகிறவளைப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

"ஓரத்தை எப்படி மூடறது?" என்று கேட்டாள்.

"என்னைக் கேட்டா?" என்றாள் பால்மீரா. "நான் வால்நட் உடைக்கத்தானே வந்தேன்."

"எல்லாருக்கும் செஞ்சு போட்டே. எனக்குச் சொன்னா குறைஞ்சா போயிடுவே?"

பால்மீரா சிரித்தாள். ஒரு பருப்பை நீட்டினாள். வாங்கக் கையை நீட்டியபோது ஒனொரீனாவுக்கு விழிப்புத் தட்டியது. செவெரீன் வாசலில் பூட்ஸைத் தட்டிக்கொண்டிருந்தான். கனவில் வந்தும் மறைக்கிறாளே என்று அவளுக்குக் கோபமாக வந்தது.

அவன் கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தான். மூக்கை உறிஞ்சினான். சட்டியை எட்டிப் பார்த்தான்.

"பூனைக்கு வெச்சிடலாம்னு பார்த்தேன்," என்றாள் ஒனொரீனா.

"நம்ம வீட்டுல பூனை இல்லையே."

"இதை வெச்சா இனிமேலும் வராது."

அவன் சிரிக்கவில்லை. சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பின்கட்டுக்குப் போய்விட்டான். செத்துப்போனவளின் இடத்தில் கையை வைத்துவிட்டோம், அவனை அழ வைத்துவிட்டோம் என்று நினைத்தாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நிறைய நேரம் கேட்டது. அவன் திரும்பி வந்தபோது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தான். கைகள் சிவக்கத் தேய்த்துக் கழுவியிருந்தான். நேரே போய்க் கண்ணாடிக் கதவின் திரையை இழுத்து மூடினான்.

"எதுக்கு மூடறே?"

"பழக்கம்," என்றான்.

மிச்சமிருந்த இரண்டு சாப்ஸையும் துணியால் ஒற்றி ஈரம் எடுத்தான். சின்னக் கத்தியை எடுத்து, கறிக்குள் அது தானே போவது போல, எலும்பு வரைக்கும் இறக்கினான். வாய் சிறியதாகவும் வயிறு பெரியதாகவும் இருந்தது அந்தப் பை. பாலாடையைத் தொடைக்கறியில் கடிதம் மாதிரி மடித்துச் சுற்றி உள்ளே தள்ளினான். விளிம்பில் முட்டை வெள்ளையைத் தடவி, கத்தியின் முதுகால் தட்டித் தட்டி ஒட்டினான். மாவு, முட்டை, ரொட்டித்தூள், மறுபடி முட்டை, மறுபடி ரொட்டித்தூள். அந்தப் பெரிய கைகள் இவ்வளவு மெதுவாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. தட்டில் அடுக்கி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, கதவைக் கொஞ்சமாகத் திறந்து பால்கனிப் பனியில் வைத்தான்.

"கொஞ்சம் தூங்கட்டும். உள்ளே இருக்கறது இறுகினாத்தான் வெளியே ஓடாது."

ஒனொரீனா அவனையே பார்த்தாள். "அவ உனக்குக் கத்துக்கொடுத்தாளா?"

செவெரீன் கையிலிருந்த மாவைத் தட்டினான். "அவளுக்கு முட்டை அவிக்கத் தெரியாது."

"யாருக்கு?"

"பால்மீராவுக்கு."

பிறகு அவன் பேசினான். அவளுக்கு அவனைத் தெரிந்த நாளிலிருந்து அவன் அவ்வளவு பேசியதில்லை. பட்டாளத்தில் மலைப்படையில் இருந்தபோது அதிகாரிகள் சமையலறையில் அவனைப் போட்டிருந்தார்கள், அங்கே கற்றுக்கொண்டது. கல்யாணமான முதல் அந்தோனியார் திருநாளுக்கு அவன் அம்மா சாப்பிட வருவதாக ஆள் சொல்லி அனுப்பினாள். மருமகள் கையைப் பார்க்க வேண்டுமாம். பால்மீரா காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தாள். அவன் திரையை மூடிவிட்டுத் தானே செய்து, தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, நிலவறையிலிருந்து ஒயின் எடுத்து வருகிறவன் மாதிரி பின்னால் வந்து உட்கார்ந்தான்.

"அம்மா ஒரு துண்டு வாயில வெச்சா. 'பரவாயில்லையே, கை இருக்கு'ன்னா. எங்கம்மா அதுக்கு முன்னாடி யாரையும் எதுவும் நல்லதாச் சொன்னதில்லே. பால்மீரா மூஞ்சியைப் பார்க்கணுமே நீ! அந்தச் சந்தோஷத்தை எப்படிப் பிடுங்கறது? அடுத்த வருஷம் பாதிரியார் வந்தார். அப்புறம் ஊரே வந்துது."

"வருஷா வருஷம் நீயா செஞ்சே?"

"நான்தான்."

"அவ என்ன பண்ணுவா, நீ சமைக்கறப்போ?"

"அந்த முக்காலியில உட்கார்ந்து வால்நட் உடைப்பா. அடுப்படியில ஆள் இருக்குன்னு வெளியில சத்தம் கேக்கணுமே."

ஒனொரீனா முக்காலியைத் திரும்பிப் பார்த்தாள். காலியாக இருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, மத்தியானம் கண்டதைச் சொன்னாள். செவெரீன் குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டு முடித்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"கோட்டு போட்டிருந்தாளா?"

"ஆமா. தடிசா."

"நல்லது," என்றான். "அவளுக்குக் குளிர் தாங்காது."

பனியிலிருந்து தட்டை எடுத்து வந்து, வெண்ணெய் நுரை அடங்கியதும் சாப்ஸை இறக்கினான். தீயைக் குறைத்தான். சட்டியைச் சாய்த்துச் சாய்த்துக் கரண்டியால் வெண்ணெயை மேலே மொண்டு ஊற்றினான். தூறல் போல ஒரு சத்தம், ஒரே சீராக. ஒனொரீனா தன்னையறியாமல் முக்காலியில் போய் உட்கார்ந்திருந்தாள். "அவ போனதுக்கப்புறம் ஒரு தடவை செய்யலாம்னு சட்டியை எடுத்தேன்," என்றான் அவன், முதுகைக் காட்டியபடி. "வீடு ரொம்ப அமைதியா இருந்துது. வெச்சிட்டேன்." அவள் எழுந்து அலமாரியில் தேடினாள். வால்நட் இல்லை. பிளம்ஸ் வற்றல்தான் இருந்தது. அதைத் தின்றுகொண்டே வாய்க்கு வந்ததையெல்லாம் பேச ஆரம்பித்தாள்: நெல்வயல் தவளைகள், ஓட்டலில் தூக்கத்தில் நடந்த வக்கீல், எல்லாம்.

திருநாளன்று பாதிரியார் வந்தார், கறிக்கடைக்காரர் வந்தார், எர்சீலியா மகனோடும் மருமகளோடும் வந்தாள். எல்லாரும் முன்னறையில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒனொரீனா வால்நட் உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பாட்டில் எடுக்கப் போனவன் எங்கே?" என்று எர்சீலியாவின் குரல் கேட்டது. "நிலவறைக்குப் போனா இவன் பிரான்சுக்கே போயிட்டு வருவான். வருஷா வருஷம் இதே கூத்து!"

தட்டுகளை ஒனொரீனா எடுத்துப் போனாள். செவெரீன் கொஞ்சம் கழித்து ஒயினோடு வந்து உட்கார்ந்தான். கத்தி பட்டதும் பாலாடை ஊறி வந்தது. பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டார், ஜெபத்துக்குக்கூட அவர் அப்படி மூடமாட்டார். எர்சீலியா ஒரு வாய் மென்று விழுங்கி, முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இது பால்மீரா கை," என்றாள்.

மேஜையில் எல்லாரும் ஒனொரீனாவைப் பார்த்தார்கள். செவெரீன் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், காது சிவந்திருந்தது. நான்தான் செய்தேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். அந்த ஊரில் அன்றோடு அவளுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கும். இவன்தான் செய்தான் என்றும் சொல்லியிருக்கலாம். சிரித்து ஆர்ப்பரித்திருப்பார்கள். ஆனால் கோட்டின் தோளில் பனியோடு உட்கார்ந்திருந்தவளின் முகம் அவளுக்கு நினைவு வந்தது.

"ஆமா, அவ கைதான்," என்றாள். "நான் சும்மா கூட உட்கார்ந்திருந்தேன்."

பாதிரியார் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார். செவெரீன் மேஜைக்கடியில் அவள் முழங்காலில் கையை வைத்தான். வெண்ணெய் வாசம் இன்னும் போகாத கை.

எல்லாரும் கிளம்பும்போது எர்சீலியா, படி வழுக்குகிறது என்று சொல்லி ஒனொரீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை முன்னே போகவிட்டாள்.

"அந்தத் திரை இருக்கே," என்றாள் மெதுவாக. "கீழே ஒரு சாண் குட்டை."

"எந்தத் திரை?"

"சும்மா நடிக்காதே. என் பரண்லேர்ந்து பார்த்தா தெரியும். அடுப்பு முன்னாடி ரெண்டு பெரிய கம்பளிச் செருப்பு, முக்காலிக்குக் கீழே ரெண்டு சின்னப் பாதம். பால்மீரா காலத்துலேர்ந்து பார்க்கறேன். இன்னிக்கும் இங்க வர்றதுக்கு முன்னாடி பார்த்தேன்."

ஒனொரீனா அவள் கையை இறுகப் பிடித்தாள். "யார்கிட்டயாவது..."

"மூச்சு விட்டதில்லே. நான்! எவ்ளோ கஷ்டம்னு யோசிச்சுப் பாரு."

"நீங்க பார்த்தது அவளுக்குத் தெரியுமா?"

"ஒரு வருஷம் அந்தச் சின்னப் பாதம் என்னைப் பார்த்து ஆடுச்சு. டாட்டா காட்டற மாதிரி." எர்சீலியா மூக்கைச் சிந்தினாள். "போ, உள்ளே போ, பனி பெய்யுது."

இதை ஒனொரீனா செவெரீனிடம் சொல்லவேயில்லை. திரைக்குக் கீழே துணி வைத்துத் தைக்கவுமில்லை, தையல் அவளுக்கு நன்றாகவே வரும் என்றாலும். அதன் பிறகு அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது பல வருஷம். அவள் கடைசிவரை சாப்ஸ் செய்யக் கற்றுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் அவன் கையைச் சிவக்கக் கழுவிவிட்டு வந்து, யாருக்கும் தெரியாது என்ற நிம்மதியோடு திரையை இழுத்து மூடுவான். வெண்ணெயின் சத்தத்தில் அவளுக்குக் கண் சொக்கும். வெளியே எல்லாம் வெள்ளையாக இருக்கும். அவன் முதுகைக் காட்டி நிற்கும்போது அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, விரல்களை மெதுவாக ஆட்டுவாள்.

"செருப்பை ஏன் கழட்டறே? குளிரலையா?" என்பான் செவெரீன் திரும்பாமலே.

"இல்லே," என்பாள் அவள். "நல்லா இருக்கு."