ஹோமத்துக்குப் போட்ட சிமென்ட் தளம்

1996, மே மாதக் கடைசி. நியூஜெர்சியில் பார்சிப்பனியில் வீடு வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பையனின் முதல் பிறந்தநாளுக்கு ஆயுஷ்ஹோமம் செய்ய வேண்டும். இங்கே வீட்டுக்குள் ஹோமம் வளர்த்தால் ஸ்மோக் அலாரம் அலறி ஃபயர் என்ஜின் வந்து நிற்கும். அதனால் போன வருடம் குளிர் தொடங்கும் முன்பே என் கணவர் கொல்லைப்புறத்தில் மேப்பிள் மரத்தடிப் புல்லைப் பெயர்த்துவிட்டு சிமென்ட் தளம் போட்டார். "ஹோமமும் பண்ணலாம், வடாமும் காய வைக்கலாம்" என்று பெருமை வேறு. வேண்டாம் என்று நான் சொன்னதை யார் கேட்டார்கள்?

ஹோமம் நெருங்கிய வாரம் ஊரெங்கும் சில்வண்டு. பதினேழு வருடம் மண்ணுக்குள் வேரை உறிஞ்சிக்கொண்டு கிடந்து, மொத்தமாக வெளியே வந்து, சில வாரம் கத்திவிட்டுச் சாகிற இனமாம். காரில், கதவில், என் துப்பட்டாவில் எல்லாம் சிவப்புக் கண்கள். அந்தச் சத்தத்தில் பகலெல்லாம் குழந்தை கண் மூடவில்லை.

பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண்மணி வேலியோரம் வந்து, எங்கள் மேப்பிள் மரத்தடியில் ஏன் ஒன்றுகூட இல்லை என்று கேட்டாள். பதினேழு வருடம் முன்னால், போன தடவை, அங்கேதான் அதிகமாம். ஆபீஸ் பார்க்கிங் ஆகிவிட்ட இடங்களிலும் இந்தத் தடவை வரவில்லையாம். சொல்லிவிட்டுத் தளத்தைப் பார்த்தாள். என் கணவர் முகம் தொங்கிப்போயிற்று.

மறுநாள் சிமென்ட் உடைக்கிற மெஷினை வாடகைக்கு எடுத்து வந்துவிட்டார்!

"என்னங்க இது? ஞாயித்துக்கிழமை ஹோமம். எல்லாரையும் இன்வைட் பண்ணியாச்சு!"

"கீழ உயிரோட இருக்கும்மா. வெளிய வர வழியில்லாம முட்டிக்கிட்டு இருக்கும்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. போடும்போதும் என் பேச்சைக் கேட்கவில்லை, உடைக்கும்போதும் கேட்கவில்லை. வீடெல்லாம் தூசி. பாதித் தளம் உடைவதற்குள் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

உடைத்த இடத்தில் நிறைய செத்துக் கிடந்தன. பொழுது சாய்ந்தபோது நாலைந்து மட்டும் மண்ணைத் தள்ளிக்கொண்டு தள்ளாடி வந்து மேப்பிள் மரத்தில் ஏறின. உடைத்த சிமென்ட் கட்டியின் மேல் உட்கார்ந்து அவர் அவற்றிடம் "ஸாரி" என்றார். என்னிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஹோமம் கடைசியில் கராஜில் நடந்தது. கதவைத் திறந்து வைத்தும் புகையில் எல்லோரும் இருமினார்கள். வெளியே சில்வண்டுச் சத்தம் தாங்காமல் ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "அதுங்க முதல்ல முடிக்கட்டும்" என்று கோபித்துக்கொண்டார்.

நெய் விட்டுக்கொண்டே என் பிள்ளைக்கு நூறு வயது கேட்டேன். ஆனால் மனம் முழுக்க அந்த உடைக்காத பாதித் தளத்துக்கு அடியில்தான் இருந்தது. கொல்லைப்புறத்துக்கு சிமென்ட் போடப்போகிறோம் என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. என் பிள்ளையின் ஆயுசுக்காகப் போட்ட தளம் எத்தனை உயிர்களின் ஆயுசை மூடிவிட்டது என்பதை என்னால் மறக்க முடியவில்லை.