காளான்காரத் தம்பி

குப்புறப் படுத்து, மூக்கை மண்ணில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுக்கிறான் அஸ்லாக். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் குந்தியிருக்கும் அக்கா ராவ்னா கொசுவை விரட்டியபடி கேட்கிறாள்: "என்னடா, வெந்துடுச்சா?"

"ரொம்பப் பழைய மண்ணுக்கா. நம்ம ஆளுங்க இங்க வர்றதுக்கு முந்தினது."

"அப்போ கழுவிட்டுச் சாப்பிட வா."

வீட்டுக் குளிர்பெட்டியில் பனிமான் கறிக்கு நடுவே, ஆராய்ச்சிக்கு அவன் அள்ளி வந்த மண் பொட்டலங்கள் கிடக்கும். ஒருமுறை ஒன்று குழம்புச் சட்டி வரை போய்விட்டது. அன்றிலிருந்து கறிக்குச் சிவப்பு நூல், மண்ணுக்கு நீல நூல் என்று ராவ்னா கட்டி வைக்கிறாள்; முடிச்சுகூட ஒரே அளவில் இருக்கும். அவனோ சட்டைப் பித்தானை ஒரு துளை தள்ளிப் போடுகிறவன். மண்ணை எடை போடும்போது மட்டும் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வான்.

கடையில் யாராவது விசாரித்தால் ராவ்னாவின் முதுகு நிமிரும்: "தரைக்கடியில இருக்கறதை எல்லாம் படிச்சவன் என் தம்பி." வீட்டில் அவன் வெறும் "டேய் காளான்!" தான். பனிமான் மேய்த்துப் பிழைக்கும் அந்த வடதுருவப் பக்கத்தில் காளான் மானுக்குத் தீனி. பெரியவர்கள் யாரும் தொடமாட்டார்கள். அவன் வெண்ணெயில் வதக்கித் தின்பான். "கொம்பு முளைச்சிருக்கா பாக்கறேன்" என்று அவள் அவன் தலையைத் தடவுவாள்.

வருஷா வருஷம் வெயில் கூடக் கூட, மரமே இல்லாதிருந்த மேட்டில் பிர்ச் மரங்கள் ஏறி வருகின்றன. மரம் வந்தால் நல்லதுதானே என்கிறது ஊர். அஸ்லாக் தலையாட்டமாட்டான்.

"மரம் தனியா வரலக்கா, வேர்ல பூஞ்சையையும் கூட்டிட்டு வருது. மரம் அதுக்குச் சர்க்கரை குடுக்குது. அந்தத் தெம்புல அது, குளிர்ல காலங்காலமா கெடந்த இலைதழை மக்கைக் கரைச்சு மரத்துக்குச் சத்து எடுத்துக் குடுக்குது. மக்குல இருந்த கரியெல்லாம் வாயுவா மாறிக் காத்துல போயிடுது. மேல மரம் சேக்கறதை விடக் கீழயிருந்து போறதுதான் அதிகமோன்னு சந்தேகம்."

"சந்தேகப்படவாடா உன்னை அவ்வளவு படிக்க வெச்சோம்?"

சந்தேகம் தீர ஒரு வழி இருந்தது. சில தோப்புகளில் மரப்பட்டையை வளையமாக உரித்துவிட்டால் சர்க்கரை வேருக்கு இறங்காது. பூஞ்சை பட்டினி கிடக்கும். மண் விடும் மூச்சு குறைகிறதா என்று பார்த்துவிடலாம். எந்தத் தோப்பு என்பதில் தன் இஷ்டம் கலக்கக் கூடாது என்று அஸ்லாக் சீட்டுப் போட்டான். வந்தது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோப்பு.

ராவ்னாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. இலையுதிர் காலத்தில் அவளுடைய மான்கள் காளானைத் தேடி அந்தத் தோப்புக்குத்தான் வரும், கொல்லையிலேயே பிடித்துவிடுவாள். பூஞ்சை பட்டினி கிடந்தால் காளான் முளைக்காது; அவள் தேய்ந்த முழங்காலோடு மேடு மேடாக ஏறித் தேட வேண்டும்.

"வேற சீட்டு எடேன்டா. யாரு பாக்கறா?"

"எடுக்கலாம்க்கா. அப்புறம் வர்ற கணக்கை நானே நம்பமாட்டேன்."

 அவள் உள்ளே போய்க் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தாள். "உரிக்கறதை நேரா உரி. கோணலா இருந்தா எனக்குத்தான் அசிங்கம்."

சாயங்காலம் கடைசி மரத்தையும் உரித்துவிட்டு வந்தவன், கைகூடக் கழுவாமல், அக்கா மான் பிடிக்கும் சுருக்குக் கயிற்றை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான். பிறந்ததிலிருந்து ஒரு மானையும் பிடித்தறியாதவன். ஊர்ப் பிள்ளைகள் வீசிப் பழகக் கம்பத்தில் கட்டியிருந்த மான் கொம்பைக் குறிபார்த்தான். கயிறு அவன் கழுத்திலேயே வந்து விழுந்தது. ஜன்னலில் நின்ற ராவ்னா வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் கயிற்றைக் கழற்றிச் சுருட்டி, காலை இன்னும் கொஞ்சம் அகட்டி வைத்து, மறுபடி வீசினான்.