தையலக்கா அளவுக்கு ஒரு கார்

அந்தப் பட்டறையில் எல்லாரும் நின்றுகொண்டு வேலை செய்தார்கள். தையலக்கா மட்டும் உட்கார்ந்து செய்தாள். அவள் வாழ்க்கையில் நடந்த பெரிய காரியம் இந்த ஒரே காரணத்தால்தான் நடந்தது. திறமைக்கு இதில் பங்கில்லை, நாற்காலிக்கு உண்டு.

பட்டறை அண்ணன், தம்பி இருவருடையது. முன்பு ஃபைபர் படகு செய்துகொண்டிருந்தார்கள். படகு செய்யத் தெரிந்தவனுக்குக் கார் வராதா என்று ஒருநாள் பெரியவருக்குத் தோன்றிவிட்டது. அதுவும் சாதாரணக் கார் அல்ல, ஸ்போர்ட்ஸ் கார். இன்ஜின் யாரோ ஒருவரின் வேனிலிருந்து வந்தது. பின்விளக்கு பஸ்ஸுடையது. கதவுக் கைப்பிடி ஃபிரிட்ஜுடையது. அச்சில் ஃபைபர் விரித்து, பசை பூசி, காய்ந்ததும் உரித்தெடுத்த சிவப்பு உடம்பு மட்டும் சொந்தம். தரையோடு பதுங்கி நின்றதைப் பார்த்து வெட்டுக்கிளி என்று பெயர் வைத்தார்கள்.

வண்டியை வரையும்போது, உள்ளே உட்காரும் ஆளுக்கு ஓர் அளவு தேவைப்பட்டது. பெரியவர் டேப்பும் கையுமாகப் பட்டறையைச் சுற்றிவந்தார். வெல்டர் குனிந்தபடி இருந்தார். பெயிண்டர் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. தையலக்கா சீட்டுத் துணியை மிஷினில் ஓட்டிக்கொண்டிருந்தாள். கால் மிதியில், கை முன்னால், பார்வை நேராக. கார் ஓட்டுகிறவரேதான்!

"ஏம்மா, அப்படியே இரு" என்றார் பெரியவர். தலை, முழங்கால், முழங்கை எல்லாவற்றையும் அளந்துகொண்டு போனார். பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புவரை முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்தவள் அவள் என்பது அவர் நினைவுக்கு வரவில்லை.

முதல் வண்டி தயாரான அன்று பெரியவர் ஏறப்போனார். இடுப்புவரை உள்ளே போனார். அதற்குமேல் கார் ஒத்துக்கொள்ளவில்லை.

"எந்த மடையன்டா அளவு எடுத்தான்?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"அந்த மடையன்தாண்ணே பாதி உள்ள மாட்டிக்கிட்டிருக்கான். முதல்ல வெளிய வாங்க" என்றார் தம்பி.

இழுத்துப் போட்டார்கள். கையிருப்பெல்லாம் அந்த அச்சில் கொட்டியாகிவிட்டது. புது அச்சு என்ற பேச்சே இல்லை. மறுவாரம் அரசாங்க இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் எதிரில் ஓட்டிக் காட்டிச் சான்று வாங்கினால்தான் ஒரு வண்டியையாவது விற்க முடியும். இல்லையென்றால் பட்டறைக்குப் பூட்டு. தையலக்காவும் பழையபடி வீட்டில் உட்கார்ந்து அக்கம்பக்கத்துத் திரைச்சீலைக்கு ஓரம் அடிக்க வேண்டியதுதான்.

வாடகைக்கு வந்த டிரைவருக்கு முழங்கால் தாடையில் இடித்தது. தம்பியும் அண்ணன் உயரம்தான். எல்லாருடைய கண்ணும் மெல்லத் தையல் மிஷின் பக்கம் திரும்பியது.

"அக்கா, லைசென்ஸ் இருக்குல்ல?"

"லைசென்ஸ் இருக்கு தம்பி. வண்டிதான் இல்ல."

அவள் புருஷன் பஸ் டிரைவர். டிப்போவில் கிடந்த பழைய ஜீப்பில் அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரே. வண்டி ஜீப்பாக இருந்தாலும் பாடம் பஸ் பாடம். "பின்னாடி அம்பது பேர் நிக்கிறாங்கன்னு நெனச்சுக்கோ. பிரேக்க மிதிக்காத, தடவு" என்பார். அவளும் தடவிப் பழகினாள்.

சோதனை நாளன்று லாரி நிறுத்தும் மைதானத்துக்கு எல்லாரும் போனார்கள். புருஷனும் லீவு போட்டு வந்திருந்தார். தையலக்கா ஏறி உட்கார்ந்தாள். உறையில் கத்தி போலப் பொருந்தினாள். வேகம் சரியாக இருந்தது. திருப்பத்தில் மட்டும் மைதானமே போதவில்லை.

"ஏம்மா, இவ்ளோ அகலமா திரும்புறீங்களே, வண்டிக்கு வால் எதாவது இருக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பழக்கம் சார்."

அடுத்தது பிரேக். கொடி விழுந்ததும் வெள்ளைக் கோட்டுக்குள் நிறுத்த வேண்டும். கொடி விழுந்தது. வெட்டுக்கிளி கோட்டை மரியாதையாகக் கடந்து, உருண்டுபோய், புருஷன் நின்ற இடத்தில் பயணி ஏற்றுவதுபோல நின்றது. பெரியவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பிரேக் சரியில்ல" என்று பேனாவை எடுத்தார் இன்ஸ்பெக்டர்.

"பிரேக் நல்லாத்தான் சார் இருக்கு. என் கால்தான் சொன்னபேச்சு கேக்கல. இன்னொரு தடவ பாத்துருங்க" என்றாள் தையலக்கா. தம்பியும் ஓடிவந்து கெஞ்சினார். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடாமல் தலையசைத்தார்.

புருஷன் ஜன்னலில் குனிந்தார். "ஏன் மிதிக்கல?"

"விழுந்துடுவாங்களோன்னு..."

"யாரு?"

அவள் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. அதற்காக அந்த மனிதரைக் கொஞ்சம் பாராட்டலாம்.

மறுபடி வண்டி சீறி வந்தது. கொடி விழுந்த நொடியில், டிப்போவே திரும்பிப் பார்க்கும் குரலில் அவர் கத்தினார்: "கடைசி ஸ்டாப்பு! எல்லாரும் எறங்கியாச்சு! மிதிடீ!"

மிதித்தாள். டயர் அலறியது. கோட்டை எட்டுவதற்கு வெகு முன்பே வண்டி குத்திட்டு நின்றது. கதவுக் கைப்பிடி மட்டும் நிற்காமல் கழன்று ஓடி இன்ஸ்பெக்டர் காலடியில் விழுந்தது. அவர் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த வண்டியோடது?"

"ஃபிரிட்ஜோடது சார்" என்றார் தம்பி. பொய் சொல்லித் தப்பிக்கும் கட்டத்தை அவர் தாண்டியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அத இறுக்கி மாட்டிட்டு வாங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

வெட்டுக்கிளி விற்றது, ஆனால் குள்ளமானவர்களுக்கு மட்டும். ஒரு குதிரைப் பந்தய வீரர், ஒரு பல் டாக்டர், இன்னும் சிலர். காரை விரும்பியவர்கள் ஏராளம், அதற்குள் நுழைய முடிந்தவர்கள் சொற்பம். சில வருஷத்தில் பட்டறை படகுக்கே திரும்பியது. தையலக்கா படகு மெத்தை தைத்தாள். கிடைப்பதற்கரிய பொருள் என்று பின்னாளில் அந்தக் காருக்குப் பெரிய மதிப்பு வந்தது. அரிதாக இருப்பதும் அருமையாக இருப்பதும் ஒன்றல்ல. உலகம் அதையெல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஒரு கண்காட்சியில் கயிறு கட்டி ஒரு வெட்டுக்கிளியை நிறுத்தியிருந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் பார்க்கப் போனார்கள். பக்கத்தில் நின்ற நெட்டை இளைஞன் தன் மனைவியிடம் சொன்னான்: "அந்தக் காலத்துல எல்லாருமே குள்ளமா இருந்திருப்பாங்க போல."

புருஷன் வாயைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். தையலக்கா நன்றாக நிமிர்ந்து நின்றாள். பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.