இருநூற்றுப் பதினொரு சோதனை ஓட்டங்கள்

அந்த மில்லில் வேலை செய்த எண்ணூறு பேரில் ஒருவருக்குக்கூட அவரைப் பிடிக்காது. பிடிக்காமல் போகிற அளவுக்கு அவர் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. வாசல் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, சங்கு ஊதி அடங்கின பிறகு வருகிறவன் பெயருக்கு நேரே சிவப்பு மையால் ஒரு கோடு போடுவார், அவ்வளவுதான். இருபத்தாறு வருஷமாக அதையே செய்தார். மழை கொட்டினாலும் கோடு, மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் கோடு. ஒருமுறை அவருடைய கூடப் பிறந்த தம்பியே நாலு நிமிஷம் பிந்தி வந்து பல்லைக் காட்டினான். அவனுக்கும் கோடு விழுந்தது. 'சிவப்பு மை' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. வைத்த பெயர் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது.

அவருக்கு அதில் மனவருத்தம் உண்டு என்பது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். "என்னைப் பொய் எழுதச் சொல்றாங்களா? கையை வெட்டினாலும் நடக்காது" என்று சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். அந்த அம்மாளும் "சரி, கையைக் கழுவிட்டு வாங்க" என்று முடித்துவைப்பாள்.

இப்பேர்ப்பட்ட ஆசாமி ஒரு நோட்டு நிறையப் பொய் எழுதினார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் எழுதினார். எல்லாம் ஒரு காரினால் வந்த வினை.

மில்லின் முதல் மேனேஜர் ஓட்டின கார் அது. ஐம்பது வருஷத்துக்கு முந்தினது. வெளிர்பச்சை நிறம், முழித்துப் பார்க்கிற வட்ட விளக்கு, ஸ்டியரிங்குக்குக் கீழேயே கியர், முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம் என்கிற மாதிரி ஒரே நீள ஸீட். பஞ்சுக் கிடங்கின் ஓரத்தில் மூட்டைகளுக்கு அடியில் கிடந்ததை, கிடங்கைக் காலி செய்தபோது பழைய இரும்புக்குப் போட இருந்தார்கள். சிவப்பு மை அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியாது. வாழ்க்கையில் தனக்கென்று எதையும் கேட்டறியாத மனிதர், அன்றைக்கு வாய் தானாகத் திறந்துவிட்டது.

அதை ஓடவைத்தவர் காது அண்ணன். மில்லுக்குப் போகிற வழியில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். இவரைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை ஓடுகிற என்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். பிறகு கண்ணைத் திறந்து, "மூணாவது வால்வு" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது வால்வாகத்தான் இருக்கும். ஊரில் பழைய வண்டிகளுக்குத் தகுதிச் சான்று எழுதிக்கொடுக்கப் பதிவு அலுவலகம் ஏற்றுக்கொண்ட பட்டறை அது ஒன்றுதான். அந்த விஷயத்தைப் பலகையில் தன் பெயரைவிடப் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருந்தார்.

மூன்று வருஷம் இரண்டு பேரும் அந்தக் காரோடு மல்லுக்கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் சிவப்பு மை பட்டறைக்குப் போய், மண்ணெண்ணெயில் நட்டு போல்ட்டுகளை ஊறவைத்துத் தேய்த்துக் கொடுப்பார். அவரைத் 'தம்பி' என்று கூப்பிட்ட ஒரே வெளியாள் காது அண்ணன்தான். அந்த ஒரு சொல்லுக்காகவே இவர் கை முழுக்கக் கரியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு பதிவு. சாதாரண நம்பர் கேட்டால் புகைச் சோதனையில் அந்தக் கிழம் தேறாது. பழங்கால வண்டிகளுக்கென்று தருகிற விண்டேஜ் பிளேட் வாங்கினால் அந்தச் சோதனை கிடையாது. அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். வண்டியின் அடிச்சட்டத்தில் வெட்டியிருந்த நம்பர்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பிறகு நிபந்தனைத் தாளை நீட்டினார். "கண்காட்சி, ஊர்வலம், பட்டறை, பழுது பார்த்ததுக்கு அப்புறம் சோதனை ஓட்டம். இதுக்கு மட்டும்தான் ரோட்டுக்கு வரணும். வேலைக்குப் போக, கடைக்குப் போக எடுக்கக்கூடாது. வண்டி வெளிய போற ஒவ்வொரு தடவையும் இந்த நோட்டுல நேரம், கிலோமீட்டர், காரணம் எழுதணும். சரிங்களா?"

"எழுதறது எனக்குப் பழக்கம்தாங்க" என்று பெருமையாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார் சிவப்பு மை.

ஒரு மாதம் ஒழுங்காகத்தான் இருந்தார். பிறகு ஒருநாள், பிரேக் பார்த்துவிட்டுத் திரும்பும்போது நேரமாகிவிட்டது என்று காரை நேரே மில்லுக்கு விட்டார். வாசலில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். யாரோ விசில் அடித்தான். இருபத்தாறு வருஷமாக அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே நழுவியவர்கள் காரைச் சுற்றி மொய்த்துவிட்டார்கள். "சார், இது எந்த வருஷத்து மாடல்?" "சார், ஒரு தடவை ஹார்ன் அடிங்க சார்!" முந்தின நாள் கோடு வாங்கின நூற்புப் பிரிவு ஆள் ஒருவன், முழங்கையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தான்.

மனிதர் விழுந்த இடம் அதுதான். மறுநாளும் காரை எடுத்தார். அதற்கு மறுநாளும்.

எடுத்துவிட்டு நோட்டில் எழுதாமல் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் வெளியே போனதை எழுதாமல் விடுவது அவருடைய கைக்குத் தெரியாத வித்தை. வண்டி கிளம்பிய நேரம் 8.05. திரும்பிய நேரம் 6.10. கிலோமீட்டர் கடைசிப் புள்ளி வரை சரியாக இருக்கும். காரணம் என்கிற கட்டத்துக்கு வந்ததும் பேனா கொஞ்சம் நிற்கும். பிறகு 'காது பட்டறை – பழுது – சோதனை ஓட்டம்' என்று எழுதிவிட்டு நோட்டைச் சட்டென்று மூடிவிடுவார். தினமும் வண்டி தன் பட்டறையைத் தாண்டிப் போவதைப் பார்த்துக் காது அண்ணன் ஒருமுறை கேட்டபோது, "மில்லுவரைக்கும் ஓட்டிக்கப் பதிவு ஆபீஸ்ல சொல்லி அனுமதி வாங்கிட்டேன்ணே" என்றார். அண்ணனும் சந்தோஷப்பட்டார்.

வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போனபோது அந்தப் பெண் அதிகாரி நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரத்தில் பென்சிலால் எண்ணிக்கொண்டே வந்து நிமிர்ந்தார்.

"இருநூத்திப் பதினோரு நாள் பட்டறைக்குப் போயிருக்கு. அப்படி என்னங்க கோளாறு?"

வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்கும் வாய்க்காது. சிவப்பு மை சொன்னது வேறு. "பழைய வண்டிங்க. ஒண்ணு சரி பண்ணா இன்னொண்ணு கிளம்புது."

"சரியா பாக்கறதில்லையோ?"

சிவப்பு மை தலையை இரண்டு பக்கமும் பொதுவாக ஆட்டினார். ஆமாம் என்று எடுத்துக்கொண்டாலும் சரி, இல்லை என்று எடுத்துக்கொண்டாலும் சரி என்கிற ஆட்டல். அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டு, புதுப்பித்து முத்திரை குத்திக் கொடுத்தார். சிவப்பு மை தப்பித்தோம் பிழைத்தோம் என்று படியிறங்கினார்.

மூன்று வாரம் கழித்து, ஞாயிறு காலையில், காது அண்ணன் சிவப்பு மையின் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கடிதம், இடுப்பில் அந்த நீள ஸ்குரூ டிரைவர். பட்டறையை அங்கீகாரப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். சான்று கொடுத்த வண்டியில் ஓயாமல் பழுது வருகிறது என்று மட்டும் எழுதியிருந்தது. செய்தி பரவி, பட்டறைக் கொட்டகையில் நின்ற இரண்டு பழைய வண்டிகளைச் சொந்தக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துப் போய்விட்டார்கள்.

"இந்த வருஷம் நான் சான்று குடுத்தது உங்க வண்டிக்கு மட்டும்தான் தம்பி" என்றார் காது அண்ணன். குரலில் கோபமே இல்லை. "ஏதாவது சத்தம் வந்து, அண்ணன் மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லாம விட்டுட்டீங்களா?"

"இல்லண்ணே. அப்படியெல்லாம் எதுவும் இல்லண்ணே."

"ஸ்டார்ட் பண்ணுங்க. பாக்கலாம்."

ஒரு மணி நேரம் பார்த்தார். என்ஜின்மேல் நுனியை வைத்து, காதைக் கொடுத்து, கண்ணை மூடி நின்றார். இடம் மாற்றி மாற்றி வைத்தார். அடியில் படுத்துக்கொண்டு கேட்டார். சிவப்பு மை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நிமிஷத்தையும் தள்ளிக்கொண்டே போனார். என்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

காது அண்ணன் எழுந்து முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டார். வலது காதில் விரலை விட்டுக் குடைந்தார். பிறகு இடது காதை வைத்து மறுபடியும் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல தம்பி. ஆபீஸ்காரங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. வயசாச்சு. காது போயிட்டிருக்கு போல." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. டம்ளரை நீட்டிய சிவப்பு மையின் மனைவியிடம், "காது டாக்டர் யாராவது தெரியுமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மனைவி டம்ளரோடு அங்கேயே நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அந்த நோட்டு மேஜைமேல்தானே கிடக்கிறது.

"ஏங்க, அந்த மனுஷன் தன்னோட காதையே சந்தேகப்படறாரு. நீங்க டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க."

"பிளேட் போயிடும். வண்டியை ரோட்டுல எடுக்கவே முடியாது."

"போகட்டும்" என்றாள். அதற்குமேல் அன்றைக்கு முழுவதும் அவரோடு பேசவில்லை. முகம் கழுவப் போனவர் கண்ணாடியைப் பார்க்காமலே திரும்பி வந்தார். எத்தனை பேரை வாசலில் நிறுத்தி, "உண்மையைச் சொல்லு, பஸ் வரலியா, நீ எழுந்திருக்கலியா?" என்று அதட்டியிருக்கிறார்! அவர்களில் பாதிப் பேராவது கடைசியில் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பதிவு அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போனார். நோட்டை அதிகாரியின் மேஜைமேல் வைத்து, "வண்டியில ஒரு கோளாறும் இல்லைங்க. கோளாறு என்கிட்டதான். தினமும் வேலைக்கு எடுத்துட்டுப் போயிட்டு இப்படி எழுதிட்டேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதிகாரி நோட்டைத் திறந்தார். "பொய் எழுதறவங்க நேரத்தையும் சேர்த்துத்தான் பொய்யா எழுதுவாங்க. நீங்க நிமிஷக் கணக்கா எழுதியிருந்தீங்க. தினமும் பத்து மணி நேரம் வேலை பாத்தும் ஒருத்தருக்கு ஒரு வண்டியைச் சரி பண்ணத் தெரியலன்னு நான் நம்பிட்டேன்." நோட்டை மூடிவிட்டு, "உங்க நல்ல பழக்கம் அவரை மாட்டிவிட்டிருக்கு" என்றார்.

எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தார். பிளேட்டை ஒரு வாரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். பட்டறையை மீண்டும் பட்டியலில் சேர்க்கிற உத்தரவில் மெக்கானிக் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளைத் தபாலில் அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சத்தான் சிவப்பு மைக்கு ஆசை. வெட்கத்தை விட்டு, தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார்.

பட்டறைக் கொட்டகை காலியாகக் கிடந்தது. காது அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்பேனர்களைத் துடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். காதில் பஞ்சு. டாக்டர் சொட்டு மருந்து விட்டிருந்தாராம். சிவப்பு மை தாளைக் கொடுத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அனுமதி வாங்கினதாகச் சொன்ன பொய்யையும் விடவில்லை. காது அண்ணன் பஞ்சை எடுத்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது.

"உள்ள வரவே இல்லையே. பட்டறைக்கு வந்ததா எப்படி எழுதினீங்க?"

"வாசல்ல வேகத்தைக் குறைச்சு ஒரு ஹார்ன் அடிப்பேன்ல அண்ணே. அது... வந்த மாதிரின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

காது அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரை வரிசையில் வைத்தார்.

"எனக்கு வணக்கம் சொல்றீங்கன்னு நினைச்சேன்" என்றார். "எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டுக் கையைத் தூக்குவேன். கிரீஸ் கையோட."

சிவப்பு மைக்குக் கண் நிறைந்துவிட்டது. "மன்னிச்சிடுங்கண்ணே" என்றார். அந்தச் சொல் போதாது என்று அவருக்கே தெரிந்தது. வேறு சொல்லும் கிடைக்கவில்லை.

காது அண்ணன் தாளை முழுவதும் படித்தார். தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கரிக்கறை படாமல் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் சிவப்பு மை அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

"பிளேட்டைக் கழட்டணுமா?"

"ஆமாண்ணே."

"பின்னாடி ரெண்டு ஸ்குரூ துரு ஏறியிருக்கும். எண்ணெய் விட்டுட்டுத் திருகுங்க. அவசரப்பட்டா வளைஞ்சுடும்." எழுந்து கொட்டகைக்குள் போனவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "இனிமே வண்டிக்கு எதுவா இருந்தாலும் வேற பட்டறை பாத்துக்கங்க, சார்."