ஆற்றைத் தாண்டிய கயிறு

பேப்பர் போடும் அம்மா டயர் கடை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு எதிர்க் கட்டடத்துக்குள் போவார். அவர் திரும்புவதற்குள் கடைக்காரர் டயரை விரலால் அழுத்திப் பார்த்து, காற்று குறைந்திருந்தால் அடித்து வைத்துவிடுவார். காற்றே இறங்காத ராசியான சைக்கிள் என்று அந்த அம்மா எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வார். கடைக்காரர் வாயைத் திறந்ததில்லை. விஷயம் தெரிந்தது கடைக்காரரின் தங்கைக்கு மட்டும்தான்.

ஆற்றில் வெள்ளம் வந்த அன்று அந்தத் தங்கை தலைவிரிகோலமாகக் கடைக்கு ஓடி வந்தாள். அவள் கணவர் பம்ப் ஆபரேட்டர். ஆற்றின் நடுவில் இருக்கும் பம்ப் அறைக்குப் போகும் நடைபாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மனிதர் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார். மீட்புப் படகு வந்து, இழுப்பைத் தாங்காமல் திரும்பிவிட்டது. கையால் வீசிய கயிறெல்லாம் பாதி வழியில் விழுந்தது. தண்ணீர் ஜன்னலைத் தொட்டுவிட்டது.

“கைக்கு எட்டுற தூரமில்லம்மா. காத்தை வெச்சுத்தான் எறியணும்” என்றார் அண்ணன்.

கடைச் சாமான்களை ஆற்றங்கரைக்கு எடுத்துப் போய், தடித்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றின் இரு முனையையும் அடைத்தார். அதில் காற்றை நிரப்பி வால்வைத் திறந்தால், நீளமான இரும்புக் குழாய் வழியாகப் பாய்ந்து, ரப்பர் சுற்றிய கட்டையைக் கயிற்றோடு தூக்கி எறியும். ரோடு அடித்துப் போனதால் வண்டியோடு கரையில் மாட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்த லாரி டிரைவர், “யாரைச் சுடப் போறீங்க, ஆத்தையா?” என்றார்.

எல்லாம் பூட்டி முடித்ததும் அண்ணன் காற்றடிக்கவில்லை. வாளியை எடுத்து, குழாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கைப்பம்பை மாட்டினார். தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தண்ணி அங்க கூரைக்கு ஏறுது. நீ இங்க குழாய்க்கு ஊத்திக்கிட்டிருக்க. காத்தை அடி அண்ணா.”

“அடிக்கிறேம்மா. மொதல்ல இது தாங்குதான்னு பாக்கணும்.”

“அதுவரைக்கும் அவர் தாங்கணுமே.”

அவர் பம்பை அழுத்திக்கொண்டே இருந்தார். கயிற்றை எறிய வேண்டிய அழுத்தத்துக்கு அவர் மீட்டரில் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டை முள் நெருங்கும்போது, சடக்கென்று ஒரு சத்தம். குழாய் நெடுக வாய் பிளந்து, தண்ணீர் அவர் காலடியில் கொட்டியது. அவ்வளவுதான்.

“இதுவே காத்தா இருந்திருந்தா...” என்றார் டிரைவர். காற்றாக இருந்திருந்தால் குழாய் கத்தி கத்தியாகச் சிதறியிருக்கும். அண்ணன் முகம் அதன்மேல்தான் குனிந்திருந்தது. “கடவுளே” என்றாள் தங்கை.

அண்ணன் லாரியைத் திரும்பிப் பார்த்தார். “உங்க வண்டியில பிரேக்குக்குக் காத்து அடைக்கிற டேங்க் இருக்கே.”

“அதைக் கழட்டுனா வண்டி நகராதுங்க.”

“இப்ப மட்டும் எங்க போகப் போறீங்க? ரோடே இல்ல.”

டிரைவரே ஸ்பானரோடு சேற்றில் படுத்து வண்டிக்கடியில் நுழைந்தார். அது காற்றுக்கென்றே செய்த இரும்பு டேங்க். ஆனாலும் பழசு. அதையும் தண்ணீர் ஊற்றித்தான் பார்க்க வேண்டும் என்றார் அண்ணன். இந்த முறை வாளியைத் தூக்கிக் கொடுத்தது தங்கைதான். முள் கோட்டில் வந்து நின்றது. டேங்க் அசையவில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதே கோடுவரை காற்றடித்தார்.

டேங்கோடு மாட்டிய இரும்புக் குழாயை மணல் மூட்டைகளில் அசையாமல் பதித்தார். ஆள்மேல் பட்டுவிடாதபடி, கூரைக்கு வெகு மேலே குறி வைத்தார். எல்லோரையும் லாரிக்குப் பின்னால் அனுப்பினார். வால்வுப் பிடியில் கட்டிய கயிற்றோடு தானும் அங்கேயே வந்து நின்று இழுத்தார்.

கட்டை சீறிக்கொண்டு போனது. வாளிக்குள் சுருட்டி வைத்திருந்த மெல்லிய கயிறு சரசரவென்று பின்னால் ஓடியது. ஆற்றின்மேல் வீசிய காற்று கட்டையைத் தள்ளிவிட்டது. கூரைக்குக் கீழ்நீர்ப் பக்கம் ஆற்றில் விழுந்தது.

“இன்னும் கொஞ்சம் கூட்டி அடிங்க” என்றார் டிரைவர்.

“கோட்டுக்கு மேல வேண்டாம்.” கட்டையை இழுத்தெடுத்து மறுபடி பொருத்தி, காற்றைக் கூட்டாமல் குழாயின் வாயைத்தான் மேல்நீர்ப் பக்கம் திருப்பினார். வால்வுக் கயிற்றை மறுபடி இழுத்தார்.

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். டிரைவர் அவள் தோளைத் தட்டிய பிறகுதான் திறந்தாள். கயிறு கூரைக்குக் குறுக்கே கிடந்தது. அவள் கணவர் குப்புறப் படுத்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த மெல்லிய கயிற்றோடு கட்டி அனுப்பிய தடித்த கயிற்றையும் லாரி டியூபையும் அவர் தன்னிடம் இழுத்துக்கொண்டார். அந்த டியூபுக்குள் புகுந்துகொண்டு, கரையில் இருந்தவர்கள் இழுக்க இழுக்க, முங்கி முங்கி வந்து சேர்ந்தார்.

பல் கிட்டிய நடுக்கத்திலும் அவருக்கு வாய் குறையவில்லை. “என்ன மச்சான், தலைக்கே குறி வெச்சீங்களா? பழைய கோவமா?”

“குறி வெச்சிருந்தா பட்டிருக்கும் மாப்பிள்ளை.”

பல வருஷம் கழித்து, நெஞ்சு நோயோடு ஆஸ்பத்திரியில் இருந்த அண்ணனைப் பார்த்துவிட்டுத் தங்கையும் கணவரும் கிளம்பினார்கள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் அண்ணனும் வாசல்வரை வந்தார். கணவர் ஸ்கூட்டரைக் கிளப்ப, தங்கை பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அண்ணன் மெல்லக் குனிந்து டயரை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“பின்னாடி காத்து கம்மியா இருக்கு மாப்பிள்ளை. ரெண்டு பேரு போறீங்க. மொதல்ல அடிச்சிட்டு அப்புறம் போங்க.”